பழைய சதுர பேலரில் முடிச்சு விழாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா பக்கம் வைக்கோல் கட்டுவதென்றால் பெரும்பாலும் ரவுண்ட் பேலர்தான். அதில் கயிற்றைச் சுற்றி அறுத்துவிட்டால் வேலை முடிந்தது, முடிச்சே கிடையாது. சதுரக் கட்டு போடும் பேலரில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு முடிச்சு, அதைப் போடுவதற்கு மேலே இரண்டு நாட்டர். இங்கே பேசுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, பல சீசன் ஓடிய சின்ன சதுர பேலரைப் பற்றி: 14க்கு 18 அங்குல அறை, 540 பி.டி.ஓ. (டிராக்டரிலிருந்து பேலரை ஓட்டும் ஷாஃப்ட், நிமிடத்துக்கு 540 சுற்று), இரண்டு கயிறு, கயிற்றை மேலே கொண்டுவரும் இரண்டு நீடில். கம்பெனி எதுவானாலும் அளவுகள்தான் மாறும், முடிச்சு விழும் விதம் ஒன்றுதான்.

நாட்டர் எப்படித்தான் முடிச்சுப் போடுகிறது? பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறதே.

ஓடும்போது பார்த்தால் ஒன்றும் புரியாது. கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். அதற்கான முறை அடுத்த கேள்வியில் இருக்கிறது. முதலில் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். இது மனதில் நின்றால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

கட்டு உருவாகிக்கொண்டிருக்கும்போதே கயிற்றின் ஒரு முனை மேலே ட்வைன் டிஸ்க் என்ற, கயிற்றைப் பிடித்துவைக்கும் வட்டத்தட்டின் பள்ளத்தில் பிடிபட்டிருக்கும். இதைப் பழைய முனை என்று வைத்துக்கொள்வோம். கயிறு அங்கிருந்து இறங்கி, வைக்கோலைச் சுற்றி, கீழே நீடில் வழியாகக் கயிற்றுப் பெட்டிக்குப் போகும். நீளம் நிறைந்ததும் ட்ரிப் ஆகும், அதாவது ட்ரிப் கை விழுந்து நாட்டரும் நீடிலும் ஓடத் தொடங்கும். நீடில் கீழிருந்து, வைக்கோலை இடித்து அமுக்கும் பிளன்ஜரின் பள்ளம் வழியாக மேலேறி, கயிற்றின் இன்னொரு பக்கத்தைக் கொண்டுவந்து டிஸ்க்கின் அடுத்த பள்ளத்தில் வைக்கும். இது நீடில் முனை. ட்வைன் ஃபிங்கர் அதை ஒதுக்கித் தள்ளி, இரண்டு கயிறும் பில்ஹூக்கின் (முடிச்சைப் போடும், அலகு மாதிரியான கொக்கி) மேல் படிகிற மாதிரி செய்யும். டிஸ்க் நகர்ந்து, ஹோல்டர் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும்.

அடுத்து பில்ஹூக் ஒரு முழுச் சுற்று சுற்றும். அதன் கழுத்தில் ஒரு வளையம் விழும். சுற்றி முடிக்கும் நேரத்தில் அதன் நாக்கு திறந்து, இரண்டு கயிற்றையும் வாய்க்குள் கவ்வி மூடும். உடனே கத்திக் கை வீசும். அதிலுள்ள கத்தி, டிஸ்க்குக்கும் பில்ஹூக்குக்கும் நடுவே கயிற்றை வெட்டும். அதே கை தொடர்ந்து நகர்ந்து வளையத்தை பில்ஹூக்கிலிருந்து உருவித் தள்ளும். கவ்வப்பட்ட முனைகள் வளையத்துக்குள் இழுபட்டு முடிச்சு இறுகும். நீடில் கீழே இறங்கும். டிஸ்க்கில் மாட்டியிருக்கும் நீடில் பக்கத்துக் கயிறு அடுத்த கட்டுக்குப் பழைய முனை ஆகிவிடும்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு கட்டின் முடிவு அடுத்த கட்டின் ஆரம்பம். பத்தாவது கட்டு அவிழ்ந்திருந்தால், தப்பு ஒன்பதாவது கட்டை முடித்தபோது நடந்திருக்கலாம்.

கையால் சுற்றிப் பார்ப்பது எப்படி? ஆபத்தில்லையா?

ஆபத்துதான், அதனால்தான் முறையோடு செய்யச் சொல்கிறேன். டிராக்டர் இன்ஜினை நிறுத்துங்கள், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், பி.டி.ஓ. ஷாஃப்டையும் கழற்றிவிடுங்கள். ஃப்ளைவீல் முழுக்க நின்ற பிறகே கிட்டே போக வேண்டும். கனமான வீல், இன்ஜின் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ட்ரிப் கையை யாராவது தட்டினால் நீடிலும் கத்தியும் வேலை செய்துவிடும். அதற்கு உங்கள் விரல் எது, கயிறு எது என்று தெரியாது.

எல்லாம் நின்றதும் ட்ரிப் கையைக் கையால் தட்டிவிட்டு, ஃப்ளைவீலை அது வழக்கமாக ஓடும் திசையிலேயே ஒருவர் மெதுவாகச் சுற்ற வேண்டும். இன்னொருவர் தள்ளி நின்று நாட்டரைப் பார்க்க வேண்டும். ஏதாவது தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றுபவர் கையை எடுத்த பிறகுதான். பின்பக்கமாகச் சுற்றாதீர்கள்.

முடிச்சு தப்புகிறது. எந்த நட்டை முதலில் திருப்புவது?

எந்த நட்டையும் வேண்டாம். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அவிழ்ந்த கட்டிலிருந்த கயிறுகளை எடுத்து வாருங்கள். முடிந்தால் நாலைந்து கட்டுகளின் கயிறு, அதிலும் இடது எது வலது எது என்று பிரித்து. பழுதைப் பற்றிக் கயிற்றின் முனை சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. நல்ல மெக்கானிக் வயலுக்கு வந்ததும் முதலில் கேட்பது கயிற்றைத்தான்.

பார்க்க வேண்டியது மூன்று. முடிச்சு எந்த முனையில் இருக்கிறது, எதில் இல்லை? முனை கத்தியால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருக்கிறதா, பிய்ந்து நார் நாராக இருக்கிறதா? முடிச்சு இல்லாத முனையில் வளைந்து நசுங்கிய தடம் இருக்கிறதா, நேராக இருக்கிறதா? கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றை வைத்துத்தான்.

நட்டைத் திருப்புவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. நாட்டரில் சிக்கிய தூசி, சருகு, பழைய கயிற்றுத் துண்டு எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். டிஸ்க் பள்ளத்திலும் ஹோல்டருக்கு அடியிலும் சிக்கிய ஒரு துண்டுக் கயிறு போதும், நாள் முழுக்கப் படுத்தும். சுத்தம் செய்த பிறகு பத்து கட்டு போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் அனுமானம்.

ஒரு முனையில் மட்டும் முடிச்சு இருக்கிறது, இன்னொன்று சும்மா வந்திருக்கிறது. என்ன காரணம்?

அதிகம் வரும் பழுது இதுதான். எந்த முனை தப்பியது என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

தப்பியது பழைய முனை என்றால், கட்டு உருவாகும்போதே டிஸ்க்கிலிருந்து கயிறு உருவிப் போயிருக்கிறது. முனை பெரும்பாலும் பிய்ந்து, நீள நீளமாக நார் விட்டிருக்கும். காரணம் டிஸ்க் ஹோல்டரின் ஸ்பிரிங் லூசாக இருக்கலாம், ஹோல்டரின் வாய் தேய்ந்திருக்கலாம், அடியில் குப்பை இருக்கலாம். ஸ்பிரிங்கைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் கத்தியைப் பாருங்கள். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டுவதற்குப் பதில் கயிற்றை இழுக்கும். அந்த இழுப்பில் டிஸ்க்கில் இருக்கும் கயிறு பாதி உருவிவிடும். மிச்சம் அடுத்த கட்டு பாதி நிறையும்போது உருவும். ஹோல்டரை எவ்வளவு இறுக்கினாலும் இது சரியாகாது. மேலே சொன்ன ஒன்பதாவது கட்டுக் கதை இதுதான். கயிற்றுப் பெட்டியில் டென்ஷன் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் இதே மாதிரி உருவும்.

தப்பியது நீடில் முனை என்றால், நீடில் கொண்டுவந்த கயிறு சரியான இடத்தில் உட்காரவில்லை. முதலில் கயிற்றுப் பெட்டியின் டென்ஷனைப் பாருங்கள். லூசாக இருந்தால் நீடிலின் மேல்பக்கம் கயிறு தொய்ந்து நிற்கும், ட்வைன் ஃபிங்கர் அதைத் தொடாமலே போய்விடும். அப்புறம் ஃபிங்கர் வளைந்திருக்கிறதா, முழுத் தூரம் நகர்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் நீடில். மேலே வரும்போது டிஸ்க்குக்கு எவ்வளவு கிட்டே வருகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அறைக்குள் வைக்கோலைத் தடுத்து நிறுத்தும் ஹே டாக் என்ற தடுப்புகள் உடைந்திருந்தாலோ ஸ்பிரிங் செத்திருந்தாலோ, அமுக்கிய வைக்கோல் திரும்பி எழும்பி நீடிலைத் தள்ளிவிடும். நாட்டரில் தேடிக்கொண்டே இருப்போம், பழுது ஓர் அடி கீழே இருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. தப்பிய கட்டுக்கு அடுத்த கட்டிலும் அந்தப் பக்கம் கயிறே இல்லை, கயிறு நீடிலுக்குக் கீழே தொங்குகிறது என்றால், நீடில் முனை டிஸ்க்குக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

இரண்டு முனையும் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் முடிச்சு மட்டும் இல்லை.

முனைகளில் நசுங்கல் தடம் இருக்கிறதா? இருந்தால் பில்ஹூக் சுற்றியிருக்கிறது, வளையமும் விழுந்திருக்கிறது, ஆனால் நாக்கு கயிற்றை இறுக்கிப் பிடிக்கவில்லை. கத்திக் கை வளையத்தைத் தள்ளும்போது முனைகளும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டன. நாக்கின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். சரியாகவில்லை என்றால் நாக்கின் பின்னால் இருக்கும் சின்ன ரோலரைப் பாருங்கள். அது சுற்றாமல் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகியிருக்கும். அப்படியானால் நாக்கு முழுதாகத் திறக்காது, கயிறு உள்ளே போகாது. ரோலரை மட்டும் மாற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. நாக்கும் சேர்ந்து தேய்ந்திருந்தால் பில்ஹூக்கை முழு செட்டாக மாற்றுவதுதான் நல்லது.

தடமே இல்லாமல் முனைகள் நேராக இருந்தால் கயிறு பில்ஹூக்கின் மேல் படியவே இல்லை, அல்லது பில்ஹூக் சுற்றவே இல்லை. பில்ஹூக் அச்சில் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பின் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பழைய மெஷினில் இது நடக்கும்.

முடிச்சு பில்ஹூக்கிலேயே மாட்டிக்கொள்கிறது. கட்டு நகரும்போது கயிறு அறுந்துவிடுகிறது.

முன் கேள்விக்கு நேர் எதிரான பழுது. காரணங்களை நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் துரு. பில்ஹூக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிந்தால் நைஸ் எமரி தாளால் கயிறு வழுக்கிப் போகும் திசையில் தேய்த்து மெருகேற்றுங்கள். அரம் வைத்து ராவ வேண்டாம், அதன் வடிவம் போய்விடும். கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் மெருகு உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது கத்திக் கை. அது பில்ஹூக்கை உரசிக்கொண்டே போக வேண்டும். சரியாக உரசுகிற கையில் பளபளப்பான தடம் இருக்கும். தடம் இல்லை என்றாலோ ஓர் ஓரத்தில் மட்டும் இருக்கிறது என்றாலோ கை வளைந்திருக்கிறது. பில்ஹூக்கின் நுனியைத் தாண்டியும் அது கொஞ்சம் போக வேண்டும். பல மாடல்களில் இது அரை அங்குலத்துக்குள் இருக்கும், உங்கள் மெஷினின் புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். கையை வளைத்துச் சரிசெய்வதுதான் வழக்கமான முறை, அதற்கென்றே தகுந்த இரும்பில் செய்திருப்பார்கள். சின்னச் சின்னதாக வளைத்து, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் நாக்கின் ஸ்பிரிங். அது அதிகமாக இறுகியிருந்தால் முனைகளை விடாது. நம் ஊரில் செகண்ட் ஹேண்டில் வரும் மெஷின்களில் இது ரொம்ப சகஜம். முடிச்சு தப்பும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் இந்த நட்டை ஒரு சுற்று இறுக்கியிருப்பார்.

முடிச்சு நன்றாகத்தான் விழுகிறது. கட்டு வெளியே வந்ததும், இல்லாவிட்டால் லாரியில் ஏற்றும்போது, கயிறு அறுகிறது.

அறுந்த இடம் எங்கே என்று பாருங்கள். முடிச்சை ஒட்டியே அறுந்தால் கட்டின் இறுக்கம் கயிற்றுக்கு அதிகம். எந்தக் கயிற்றிலும் பலவீனமான இடம் முடிச்சுதான். அறையின் கடைசியில் இருக்கும் டென்ஷன் கைப்பிடியைத் தளர்த்துங்கள். முடிச்சிலிருந்து தள்ளி, எப்போதும் ஒரே தூரத்தில் அறுந்தால் கயிறு வரும் வழியில் எங்கோ கூரான விளிம்பு இருக்கிறது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், அந்தத் தூசி எதன் மீது பட்டாலும் அரத்தூள் மாதிரி தேய்க்கும். நீடிலின் கண், கயிறு நுழையும் வளையங்கள் எல்லாவற்றிலும் விரலை விட்டுத் தடவுங்கள். பள்ளம் விழுந்து விளிம்பு கூராகியிருந்தால் மாற்றுங்கள்.

டிஸ்க்குக்குப் பக்கத்தில் பாதி நசுங்கி அறுந்தால் ஹோல்டர் அதிக இறுக்கம்.

இடது நாட்டர் நன்றாகக் கட்டுகிறது. வலதுதான் தகராறு.

இது நல்ல செய்தி. சரியாக ஓடும் மாதிரி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறதே! முதலில் கயிற்று உருண்டைகளை இடம் மாற்றுங்கள். தகராறு உருண்டையோடு இடது பக்கம் போய்விட்டால் பழுது கயிற்றில். அங்கேயே நின்றால் நாட்டரில். அப்புறம் இரண்டையும் ஒன்றாகச் சுற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி ஒப்பிடுங்கள். நீடில் எந்த உயரத்தில், டிஸ்க் பள்ளம் எங்கே நிற்கிறது, கத்திக் கை எவ்வளவு தூரம் போகிறது, ஸ்பிரிங்கின் நீளம் எவ்வளவு. வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நல்லதாக இருந்த பக்கமும் போய்விட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

காலையில் கயிறு அறுகிறது, மதியம் சரியாகிவிடுகிறது. மெஷினுக்கு என்ன?

மெஷினுக்கு ஒன்றுமில்லை. தை மாதப் பனியில் வைக்கோல் ஈரத்தைக் குடித்துக் கனமாகியிருக்கும். அதே டென்ஷனில் கட்டு அதிகம் இறுகும், கயிறு தாங்காது. வெயில் ஏறியதும் வைக்கோல் மொறுமொறுப்பாகி இறுக்கம் குறையும். ஆகவே டென்ஷன் கைப்பிடியை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். பனி காயும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அதை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஷெட்டில் நின்ற மெஷின். சம்பா அறுவடைக்கு எடுத்தால் முதல் நாள் ஒரு முடிச்சும் விழவில்லை.

துரு. கடல் பக்கம், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்றால் கேட்கவே வேண்டாம். பில்ஹூக், டிஸ்க், கத்தி எல்லாவற்றிலும் மெல்லிய துருப்படலம் இருக்கும். எமரி தாளால் மெருகேற்றி, டிஸ்க் பள்ளங்களில் கயிற்றையே இழுத்து இழுத்துத் தேய்த்துவிட்டு ஓட்டுங்கள். முதலில் கொஞ்சம் கட்டுகள் தப்பத்தான் செய்யும், ஓட ஓட கயிறே மெருகேற்றிவிடும். போன சீசன் கடைசியில் சரியாக ஓடிய மெஷின் என்றால் முதல் நாளே அட்ஜஸ்ட்மெண்டில் கை வைக்காதீர்கள். துருவுக்காக ஸ்பிரிங்கை மாற்றினால், துரு போனதும் அந்த மாற்றம் தவறாகிவிடும்.

சீசன் முடிந்து நிறுத்தும்போது நாட்டரைச் சுத்தமாக ஊதி, மெருகான பாகங்களுக்கெல்லாம் தாராளமாக கிரீஸ் பூசிவையுங்கள். திரும்ப எடுக்கும்போது அதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பில்ஹூக்கில் கிரீஸ் இருந்தால் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும்.

சணல் மாதிரியான சைசல் கயிறா, பிளாஸ்டிக் கயிறா?

பழைய நாட்டர்கள் சைசல் கயிற்றுக்காகச் செய்யப்பட்டவை. சொரசொரப்பான கயிறு, டிஸ்க்கிலும் நாக்கிலும் நன்றாகப் பிடிக்கும். இப்போது சுலபமாகக் கிடைப்பது பாலிப்ரொப்பிலீன் கயிறு. வலுவானது, தடிமன் சீராக இருக்கும், எலி கடிப்பதும் குறைவு. ஆனால் வழுக்கும், கத்தியும் கூராக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஹோல்டரையும் நாக்கு ஸ்பிரிங்கையும் மறுபடி பார்க்க வேண்டிவரும். ஒரு பக்கம் சைசல், ஒரு பக்கம் பிளாஸ்டிக் என்று போடவே போடாதீர்கள்.

கயிற்று உறையில் 9000, 7200 என்று போட்டிருப்பது, இரண்டு உருண்டை சேர்ந்த ஒரு பெட்டியில் எத்தனை அடி கயிறு என்ற கணக்கு. எண் குறையக் குறையக் கயிறு தடிமனாகும். உங்கள் மெஷினுக்கு எது என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே வாங்குங்கள். விலை குறைகிறதே என்று ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கயிறு மாற்றுகிறவர்களின் நாட்டரை யாராலும் செட் பண்ண முடியாது.

பிளாஸ்டிக் கயிறு என்றால் இன்னொன்று. கட்டைப் பிரிக்கும்போது கயிற்றை முழுதாக உருவி எடுத்துவிடுங்கள், அறுத்த துண்டுகள் வைக்கோலோடு போகக் கூடாது. மாட்டின் வயிற்றில் அது செரிக்காது, சேர்ந்து உருண்டையாகி அடைத்துக்கொள்ளும். வாங்குகிறவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு உருண்டை தீர்ந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடத்தில் தப்புகிறது.

இணைத்த முடிச்சு பெரிதாக இருக்கிறது. சின்ன முடிச்சாகப் போட்டு, வாலை நறுக்குங்கள், நீடிலின் கண் வழியாகத் தடையில்லாமல் போக வேண்டும். உருண்டையின் நடுவிலிருந்துதான் கயிறு வர வேண்டும், முதல் உருண்டையின் வெளி முனையை இரண்டாவதன் உள் முனையோடு இணைப்பதுதான் முறை. பெட்டி மூடியின் உள்ளே கயிறு போகும் வழி படமாக ஒட்டியிருக்கும். பழைய மெஷினில் அது உரிந்து போயிருக்கும், வேறு யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு முழுதாக அறுந்துவிட்டால் புதிதாகக் கோர்ப்பது எப்படி?

பெட்டியிலிருந்து வழிகாட்டி வளையங்கள் வழியாக நீடில் கண்ணில் நுழைத்து, முனையைக் கீழே ஃப்ரேமில் கட்டுங்கள். நாட்டருக்குக் கையால் கொண்டுபோய் மாட்ட வேண்டியதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, ட்ரிப் பண்ணி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி ஒரு முழு வேலையை முடித்தால் நீடிலே மேலே கொண்டுபோய் டிஸ்க்கில் வைத்துவிடும். கடைசியில் பில்ஹூக்கில் ஒட்டியிருக்கும் துண்டை எடுத்துவிட மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முடிச்சு அதன் மேலேயே விழும்.

எல்லாம் பார்த்தாயிற்று, அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆக வேண்டும். எப்படி?

ஒரு நேரத்தில் ஒன்று. தொடுவதற்கு முன் நட்டின் மேல் பெயிண்ட்டால் கோடு போட்டு, ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். பத்து கட்டு போட்டு, கயிற்றின் முனைகளைப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் பழைய கோட்டுக்கே திரும்ப வந்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இந்தத் திரும்ப வருவதைத்தான் யாரும் செய்வதில்லை. அதனால்தான் சாயங்காலம் மெஷின் காலையில் இருந்ததை விட மோசமாக நிற்கும்.

டிஸ்க்கின் டைமிங், அதாவது பள்ளம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை, அனுபவமில்லாமல் தொட வேண்டாம். தானாக மாறுகிற விஷயமில்லை அது. நட்டு லூசாகியிருந்தாலோ உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தாலோதான் மாறும்.

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது. கெட்டியான போல்ட் போடலாமா?

கூடாது. அந்த போல்ட் உடைவதற்காகவே வைத்தது. அது உடையாவிட்டால் நீடில் உடையும். நீடில் வார்ப்பு இரும்பு, வெல்டிங் பண்ணினால் வடிவம் கோணி மறுபடி செட்டாகாது.

கட்டும் நேரத்தில் மட்டும் உடைகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நீடில் சரியான நேரத்தில் வருவதில்லை, அல்லது நீடிலை நிறுத்திவைக்கும் பிரேக் லூசாகி நீடில் ஓய்வு நிலையில் நிற்காமல் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. நீடில் உள்ளே இருக்கும்போது பிளன்ஜரைத் தடுத்து நிறுத்த ஒரு பாதுகாப்புத் தடை இருக்கும். பிளன்ஜர் அதில் மோதிய வேகத்தில்தான் போல்ட் உடைகிறது. பிரேக்கை இறுக்கி, அப்புறமும் உடைந்தால் பிளன்ஜர், நீடில் டைமிங்கைப் புத்தகத்தை வைத்துச் சரிபாருங்கள். எல்லா நேரமும் உடைந்தால் அது நாட்டர் விஷயமே இல்லை. பிளன்ஜரின் கத்தி மழுங்கி, வைக்கோலை வெட்டாமல் நசுக்குகிறது. அந்தக் கத்தி மழுங்கினால் கட்டுக்குக் கட்டு நார் தொங்கும், அந்த நாரை நீடில் தூக்கிக்கொண்டுபோய் நாட்டரில் அடைக்கும்.

ஒரு கட்டு நீளம், ஒரு கட்டு குட்டை. சில நேரம் நிறுத்தாமல் கட்டிக்கொண்டே போகிறது.

ஒரு மடிப்பு அளவுக்கு நீளம் கூடுவதும் குறைவதும் இயல்பு. பிளன்ஜர் ஓர் இடி முடித்தால்தான் ட்ரிப் ஆகும். அதை விட அதிகம் மாறினால் அளவுச் சக்கரம் வழுக்குகிறது, அல்லது ட்ரிப் கையைத் தூக்கும் சொரசொரப்பான உருளை தேய்ந்துவிட்டது. வயலில் கிடக்கும் வைக்கோல் வரிசை மெல்லிதாக இருந்தாலும் மாறும். நிறுத்தாமல் கட்டினால் ட்ரிப் கை திரும்ப விழவில்லை: ஸ்பிரிங்கையும், இடையில் சிக்கிய வைக்கோலையும் பாருங்கள்.

இவ்வளவு பழைய நாட்டருக்குப் பாகம் கிடைக்குமா? முழு செட்டாக மாற்றிவிடலாமா?

இந்த வகை நாட்டர் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி, 1870களின் கடைசியில் கோதுமைக் கதிரைக் கட்டும் இயந்திரத்துக்குச் செய்ததிலிருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்ட மெக்கார்மிக், டீரிங் கம்பெனிகளின் பெயரில்தான் இன்றைக்கும் நாட்டரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். அடிப்படை அதிகம் மாறாததால் பில்ஹூக், கத்தி, ஹோல்டர், ரோலர் போன்ற தேயும் பாகங்கள் பழைய மாடல்களுக்கும் கிடைக்கின்றன. பாகம் கேட்கும்போது மாடல் எண் மட்டும் போதாது, பழைய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள். நடுவில் யாராவது வேறு வகை நாட்டரை மாட்டியிருக்கலாம்.

முழு செட்டை மாற்றுவது, ஃப்ரேமில் பில்ஹூக் அச்சு ஓடும் துளை பெரிதாகி ஆடினால் மட்டும். பில்ஹூக்கைப் பிடித்து அசைத்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் ஆட்டம் என்றால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துச் சரிக்கட்டலாம்.

வயலுக்குப் போகும்போது டூல் பாக்ஸில் இவை இருக்கட்டும்: கத்தி ஒன்று, பில்ஹூக் ரோலரும் அதன் பின்னும், ஹோல்டர் ஸ்பிரிங், சரியான ஷியர் போல்ட் அரை டஜன், நைஸ் எமரி தாள், ஒரு கொக்கிக் கம்பி. நாட்டரில் சிக்கியதை எடுக்கக் கொக்கிக் கம்பியைத்தான் விட வேண்டும், விரலை அல்ல.